பெயரால் வந்த வம்பு

1976 மார்ச் மாதம். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள பிரைட்டன் நகரில் அனிதா ராடிக் என்ற அம்மையார் சின்னஞ்சிறு கடையொன்று திறக்க இருந்தார். மூலிகைச் சரக்கு சேர்த்த ஷாம்பு, முகப்பூச்சு இவைதாம் வியாபாரம். புட்டிகளில் ஒட்டும் சீட்டைக்கூடக் கையாலேயே எழுதினார். முதல், கடன் வாங்கிய 4,000 பவுன். கணவரோ பியூனஸ் அயர்ஸிலிருந்து நியூயார்க்குக்குக் குதிரையில் போகப் புறப்பட்டுக் கொண்டிருந்தார்! இரண்டு பெண் குழந்தைகளுக்கும் கடைதான் சோறு போட்டாக வேண்டும். சுவரின் ஈரக்கசிவு தெரியாமலிருக்கப் பச்சை வர்ணம் பூசி, 'பாடி ஷாப்' என்று பெயர்ப் பலகையும் மாட்டியாயிற்று.

வந்தது வம்பு! அருகிலேயே சவ அடக்கத்துக்கு ஏற்பாடு செய்யும் கடைகள் இரண்டு. 'பாடியை எப்போது எடுக்கிறார்கள்?' என்று நாமும் கேட்கிறோமல்லவா? இப்படியொரு பெயர் பக்கத்தில் இருந்தால் துக்க வீட்டார் தங்களிடம் வருவார்களா என்று அவர்கள் வக்கீல் கடிதமே அனுப்பிவிட்டார்கள்.

வழக்காடப் பணமில்லை, விளம்பரத்துக்கும் இல்லை. அம்மையார் தம் பெயரைச் சொல்லாமலே உள்ளூர் 'ஈவினிங் ஆர்கஸ்' பத்திரிகைக்கு டெலிபோன் செய்தார். ஓர் அபலைப் பெண்ணைப் பிரேத வியாபாரிகள் மிரட்டுகிறார்களாம்! சற்றே கூட்டித்தான் சொன்னார், போகட்டும். பத்திரிகையில் செய்தி வந்தது. காலணாச் செலவில்லாமல் கடையின் பெயர் ஊரெங்கும் பரவிவிட்டது.

2006-ல் பிரெஞ்சுக் கம்பெனியான லோரியால் அந்த வியாபாரத்தை வாங்கியபோது கொடுத்த விலை 65 கோடிப் பவுனுக்கு மேல். பெயரை மட்டும் மாற்றவில்லை.