சிவப்பு மூக்கு ருடால்ஃப் எங்கே பிறந்தது தெரியுமா?

அமெரிக்க வீடுகளில் கிறிஸ்துமஸ் களை கட்டுவதே ஒரு பொம்மைப் படத்தோடுதான், தெரியுமா? மூக்கு சிவப்பாக ஒளிர்கிறது என்பதற்காக மற்ற மான்கள் கேலி செய்து ஒதுக்கிய ருடால்ஃப், பனி மூடிய இரவில் அதே மூக்கால் சாண்டா கிளாஸுக்கு வழிகாட்டும் கதை. 1964 டிசம்பர் 6 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் முதன்முதலில் ஒளிபரப்பானது. அதன்பிறகு ஒரு வருஷம்கூட விட்டுப்போனதில்லை!

இந்த அமெரிக்கச் செல்லப்பிள்ளை படமாக்கப்பட்டது அமெரிக்காவில் அல்ல! தயாரித்த ரேங்கின்-பாஸ் கம்பெனி நியூயார்க்கில் இருந்தது. குரல்கள் கனடாவின் டொரண்டோவில் பதிவாயின. பொம்மைகளைச் செய்து, அசைத்து, படம் பிடித்ததெல்லாம் ஜப்பானின் டோக்கியோவில்!

அங்கே பொறுப்பேற்றவர் டடாஹிட்டோ மொச்சினாகா. சீனாவின் தொடக்ககாலப் பொம்மைப் படங்களிலும் உழைத்த மேதை. மான் எப்படி நடக்கும், எப்படித் தலையைத் திருப்பும் என்று பார்ப்பதற்காகவே நாரா நகரத்து மான்களைத் தேடிப் போனவர். பொம்மைகளைச் செய்தவர் இச்சிரோ கொமுரோ. மரம், கம்பி, துணி, தோல் எல்லாம் சேர்ந்தவை அவை. சாண்டாவின் தாடி எதில் செய்தது தெரியுமா? யாக் மாட்டின் முடியில்! உள்ளே வளைந்து கொடுக்கும் ஈயக் கம்பி. காலை இம்மியளவு நகர்த்து, ஒரு படம் எடு; இன்னும் இம்மியளவு, இன்னொரு படம். திரையில் ஒரே ஒரு நொடி ஓட 24 ஃபிரேம் வேண்டும். படமோ முக்கால் மணி நேரத்துக்கும் மேல்! இன்றைக்குக் கம்ப்யூட்டரில் எதையும் பறக்கவிடலாம். ஆனாலும் கைபட்ட அந்த லேசான வெட்டுவெட்டு அசைவில்தான் உயிர் இருக்கிறது என்பேன்.

குட்டி ருடால்ஃபின் குரல்? நாற்பதைத் தாண்டிய பில்லி மே ரிச்சர்ட்ஸ் என்ற பெண்மணியுடையது! டைட்டிலில் ரோமன் எண்ணில் ஆண்டைப் போட்டபோது ஓர் எழுத்து விட்டுப்போக, 1964 என்பது 1164 ஆகிவிட்டது!

இன்னொன்று கேளுங்கள். கதையில் ஒரு தீவு வரும். குறையுள்ளவை என்று யாரும் வேண்டாத விளையாட்டுப் பொம்மைகள் அங்கே காத்துக்கிடக்கும். அவற்றுக்கு உதவச் சொல்லி சாண்டாவிடம் கேட்பதாக ருடால்ஃப் வாக்குக் கொடுக்கும். முதல் ஒளிபரப்பில் அந்த உதவி வந்ததாகக் காட்டவே இல்லை! பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? கடிதங்கள் குவிந்தன. 1965-இல் சாண்டா போய் அவற்றை ஏற்றிவருகிற காட்சியைப் புதிதாக எடுத்துச் சேர்த்தார்கள். பார்த்தவர்கள் கேட்டுவாங்கிய முடிவு அது! இத்தனை வருஷமாகப் படம் நிற்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா? ஒதுக்கப்பட்ட ஒருவரையும் விட்டுவிடாத கதை எந்தத் தலைமுறைக்கும் ஒட்டும்.

படப்பிடிப்பு முடிந்தபின் அந்தப் பொம்மைகள் என்னவாயின? ருடால்ஃபும் சாண்டாவும் கம்பெனி ஊழியர் ஒருவர் வீட்டுக்குப் போய், அவர் குடும்பத்தில் கிறிஸ்துமஸ் அலங்காரமாக உட்கார்ந்திருந்தன. பிள்ளைகள் எடுத்து விளையாடியதில் சாண்டாவின் பாதி மீசை போயே போய்விட்டது! பிறகு அவற்றைச் சீர்செய்தார்கள். 2020 நவம்பரில் ஏலம் போனபோது விலை 3,68,000 டாலர்! வாங்கியவர் அட்லாண்டாவில் உள்ள பொம்மலாட்டக் கலை மையத்துக்கே அவற்றைக் கொடுத்துவிட்டார். ருடால்ஃபின் மூக்கு ஏலத்தின்போதும் ஒளிர்ந்தது!

வருகிற டிசம்பரில் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தப் படத்தைக் காட்டுங்கள். மொச்சினாகா, கொமுரோ என்ற பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள்.