காயட்டும் பாஸ்... கை வைக்காதீங்க!

ஒரு சின்ன டெஸ்ட். பசை போட்டு ஒட்டின ஒரு பொருளை, 'காய்ஞ்சிடுச்சா'ன்னு தொட்டுப் பார்க்காம ராத்திரி முழுக்க உங்களால சும்மா இருக்க முடியுமா? 'இதென்ன பிரமாதம்'னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சல்யூட். என்னால முடியலை. அதனாலதான் நான் செஞ்ச முதல் விமானத்தோட இடது இறக்கையில என் ஆள்காட்டி விரல் ரேகை இன்னிக்கும் அச்சு மாதிரி பதிஞ்சிருக்கு. போலீஸ் வந்தா வேற சாட்சியே வேண்டாம்!

விஷயம் இதுதான். ஸ்கேல் மாடலிங்னு ஒரு பொழுதுபோக்கு. கடையில ரெடிமேட் பொம்மை வாங்கி ஷோகேஸ்ல வைக்கிற வேலை இல்லை. ஒரு டப்பாவைத் திறந்தா பிளாஸ்டிக் சட்டங்கள்ல இறக்கை, சக்கரம், பைலட் ஸீட்னு துண்டு துண்டாக இருக்கும். வெட்டி, தேய்ச்சு, ஒட்டி, பெயின்ட் அடிச்சு நிஜ விமானத்தின் குட்டிப் பதிப்பை நீங்களே உருவாக்கணும். குட்டின்னா குத்துமதிப்பா இல்லை, கணக்கோட. 1/72 ஸ்கேல்னா நிஜத்தில் ஆறு அடி இருக்கிறது இங்கே ஒரே ஒரு அங்குலம். 1940-ல் பிரிட்டனைக் காக்கப் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் 36 அடி 10 அங்குலம். மாடல்ல அது ஆறு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. உள்ளங்கையில உட்கார்ந்துக்கும்.

இதுல ஒரு வில்லங்கம் இருக்கு. விமானம் சுருங்குது, நம்ம தப்பு சுருங்காது. பசை ஒரு மில்லிமீட்டர் பிதுங்கிடுச்சுன்னு வெச்சுக்கோங்க. நிஜ விமானத்துக் கணக்குல அது ஏழு சென்டிமீட்டர் தடிமன்ல ஒரு வடு! நமக்கு 'லேசா'ன்னு தோணுறது அங்கே மலை.

செகண்ட் இயர் படிக்கும்போதுதான் இதுக்குள்ள விழுந்தேன். சிங்கப்பூர்லேர்ந்து வந்த சித்தப்பா, 'நல்லாப் படிக்கிறியாடா?'ன்னு கேட்டுக்கிட்டே ஸ்பிட்ஃபயர் டப்பாவைக் கையில கொடுத்தார். ரெண்டு அரியர் இருக்கிற விஷயம் அவருக்குத் தெரியாது. எங்க அப்பாவுக்கே தெரியாது.

ஹாஸ்டல் ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு ஒரே ராத்திரியில முடிச்சிடணும்னு உட்கார்ந்தேன். நெயில் கட்டர்தான் ஆயுதம். இந்த பிளாஸ்டிக்குக்குன்னு இருக்கிற பசை சாதாரணமா ஒட்டுறதில்லை. பிளாஸ்டிக்கையே கொஞ்சம் கரைச்சு, ரெண்டு பாகத்தையும் ஒண்ணாக் கலந்துவிடும். காயுற வரைக்கும் அந்த இடம் கொழகொழன்னு இருக்கும். அங்கேதான் நம்ம ரேகை.

அதையாவது மன்னிக்கலாம். பைலட் தலைக்கு மேல கண்ணாடி மூடி ஒண்ணு வரும், கேனபி. மாடலுக்கு உயிரே அதுதான். பொறுமையில்லாம அதைப் போய் சூப்பர் க்ளூ போட்டு ஒட்டினேன். பத்து நிமிஷம் கழிச்சுப் பார்த்தா கண்ணாடி முழுக்க வெள்ளையா ஆவி படிஞ்சு, உள்ளே பைலட் இருக்காரா, பாயசம் இருக்கான்னே தெரியலை! அந்தப் பசை காயும்போது வர்ற ஆவி தெளிவான பிளாஸ்டிக்ல வெள்ளையாப் படியும். அந்த இடத்துக்கு ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசைதான் சரி, காய்ஞ்சா கண்ணாடி மாதிரி ஆயிடும்ங்கிறதெல்லாம் ரொம்பப் பிறகு தெரிஞ்சுக்கிட்டது.

டப்பாவோட தூக்கி பீரோ மேல போட்டேன். நாலு மாசம் தொடவே இல்லை. அதே நாலு மாசம் எம்-டூ புத்தகத்தையும் தொடலை. சொதப்பின பொருளைக் கண்ணுல படாத இடத்துல வைக்கிறதுல நான் அப்போ எக்ஸ்பர்ட்.

கீழே இறக்கினது ரூம்மேட். 'செல்போன் ஸ்கிரீன்ல கீறல் விழுந்தா பேஸ்ட் போட்டுத் தேய்ப்பாங்கல்ல, இதையும் தேய்ச்சுப் பாருடா'ன்னான். பிளேடு முனையால மெதுவா நெம்பி மூடியைக் கழட்டினோம். ரொம்ப நைஸான வாட்டர் பேப்பர், அப்புறம் டூத்பேஸ்ட், காது குடையுற பஞ்சுக் குச்சி. தினம் இருபது நிமிஷம். முதல் மூணு நாள் இன்னும் மோசமாத்தான் தெரிஞ்சுது. ரெண்டாவது வாரம் உள்ளே பைலட் முகம் தெரிஞ்சப்போ ரெண்டு பேரும் போட்ட சத்தத்துல வார்டன் வந்துட்டார்.

அடுத்து பெயின்ட்தானேன்னு நினைச்சேன். அதுக்கு முன்னாடி ப்ரைமர்னு ஒரு பூச்சு இருக்கு. சென்னை ஜி.பி. ரோடு மாதிரி வண்டிச் சாமான் விக்கிற இடத்துல ஸ்பிரே டப்பாவாவே கிடைக்கும். லேசா, தள்ளி நின்னு அடிக்கணும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோங்க ப்ளீஸ், நெடி தலைவலியில கொண்டுபோய் விடும். இந்தச் சாம்பல் பூச்சு அழகுக்கு இல்லை, காட்டிக் கொடுக்கிறதுக்கு! வெறும் பிளாஸ்டிக்கா இருந்தப்போ கண்ணுக்கே தெரியாத இடைவெளி எல்லாம் ஒரே கலர் வந்ததும் வாய்க்கால் மாதிரி தெரிஞ்சுது. இறக்கையும் உடம்பும் சேர்ற இடத்துல கூவமே ஓடுச்சு. புட்டி வெச்சு அடைச்சு, காய விட்டு, தேய்ச்சு, மறுபடி ப்ரைமர். மறுபடி வாய்க்கால். மூணு ரவுண்ட்.

மூணாவது ரவுண்ட்லதான் எனக்கு எம்-டூ ஞாபகம் வந்துச்சு. நான் கணக்குப் படிச்ச லட்சணம் எப்படின்னா, தீர்த்து வெச்ச கணக்கைப் படிச்சுப் பார்த்து 'ஆமா, கரெக்ட்'னு தலையாட்டுறது. எல்லாமே தெரிஞ்ச மாதிரிதான் இருக்கும். பரீட்சை ஹால்ல வெள்ளைத் தாளைப் பார்த்ததும் வாய்க்கால் திறந்துக்கும். அன்னிக்கு ராத்திரி பழைய கேள்வித்தாள் ஒண்ணை எடுத்து, நோட்டை மூடி வெச்சிட்டு எழுதிப் பார்த்தேன். எட்டுக் கேள்வியில மூணுதான் முழுசா வந்துச்சு. அசிங்கமாத்தான் இருந்துச்சு. ஆனா, எங்கே புட்டி வைக்கணும்னு தெரிஞ்சுது.

சொதப்பலைப் பத்திப் பேசும்போது டாமியாவை விட முடியாது. மாடல் செய்யறவங்க மத்தியில இந்த ஜப்பான் கம்பெனி பேரைச் சொன்னா எழுந்து நிக்காத குறைதான். ஆனா 1946-ல் ஷிஸுவோகா நகரத்துல ஆரம்பிச்சப்போ அது மரம் அறுக்கிற தொழில். 1951-ல் தீ விபத்து. அதுக்கப்புறம் மரத்துல செஞ்ச மாடல்கள் பக்கம் திரும்பினாங்க. பிளாஸ்டிக் காலம் வந்ததும் 1960-ல் யமாட்டோ போர்க்கப்பலை முதல் பிளாஸ்டிக் மாடலாக் கொண்டு வந்தாங்க. போட்டிக் கம்பெனியோட கப்பல் விலை குறைவு. டாமியா கப்பல் கவுந்தது!

'நமக்கு மரமே போதும்'னு மூட்டை கட்டியிருக்கலாம். அடுத்த வருஷமே பாந்தர்னு ஒரு ஜெர்மன் டாங்க் மாடலோட வந்தாங்க. மோட்டார் வெச்சு ஓடுற டாங்க். உள்ளே பேட்டரி அடங்கணுமேன்னு உடம்பை டிசைன் பண்ணினதுல அளவு 1/35-ன்னு வந்து நின்னுச்சு. பெரிய தத்துவம் எதுவும் இல்லை, பேட்டரி சைஸ்தான் காரணம். ஹிட்டுன்னா அப்படி ஒரு ஹிட்! இன்னிக்கு உலகம் முழுக்க ராணுவ மாடல்களுக்கு 1/35 ஒரு முக்கியமான அளவு. கம்பெனியை வளர்த்த ஷுன்சாகு டாமியா, 1970-களில் ஒரு போர்ஷே கார் மாடல் சரியா வரணும்ங்கிறதுக்காக நிஜ போர்ஷே 911-ஐ வாங்கிப் பிரிச்சுப் போட்டவர். 2025-ல் காலமானார்.

நீங்களும் ட்ரை பண்ணலாம். முதல் மாடலுக்குப் பெரிசா, காஸ்ட்லியா எதையும் தொடாதீங்க. 1/72-ல் ஒத்தை இன்ஜின் விமானம் போதும். காசு இல்லையா? இலவசமாவே பேப்பர் மாடல் படங்கள் கிடைக்குது. கெட்டி அட்டையில பிரின்ட் எடுத்தா, கத்தரிக்கோலும் பசையும்தான் செலவு. ஒரு எச்சரிக்கை: இந்த ஏரியாவுல டப்பா வாங்கி அடுக்குற வியாதி ஒண்ணு இருக்கு. செஞ்சு முடிச்சதைவிட வாங்கி வெச்சது ஜாஸ்தியா இருக்கும். என் பரண்ல இப்போ பதினோரு டப்பா. அதனால உபதேசம் பண்ற யோக்கியதை எனக்கு இல்லை.

அந்த வருஷம் எம்-டூ க்ளியர் ஆயிடுச்சு, நாற்பத்தாறு... சாரி, ஐம்பத்திரண்டு மார்க்! இன்னொரு அரியர் போகலை, அதுக்கு மேலும் ஒரு செமஸ்டர் ஆச்சு. அப்பாகிட்டே ரெண்டையும் சேர்த்தே சொன்னேன். ரெண்டு நாள் பேசலை. மூணாம் நாள், 'அந்த ஏரோப்ளேனைக் கொண்டு வா, பார்ப்போம்'னார். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இறக்கையில இருந்த ரேகையை மட்டும் கட்டை விரலால ஒரு தடவை தடவினார். ஒண்ணும் சொல்லலை.

ஸ்பிட்ஃபயர் இப்போ என் மேஜை மேலதான் இருக்கு. கேனபி பின்பக்க மூலையில, பஞ்சுக் குச்சி எட்டாத இடத்துல, கொஞ்சம் வெள்ளை இன்னும் பாக்கி. வீட்டுக்கு வந்த அக்கா பையன் உத்துப் பார்த்துட்டு, 'மாமா, உள்ளே என்ன பனியா?'ன்னான்.

'ஆமாடா, இங்கிலாந்துல குளிர் ஜாஸ்தி'ன்னு சொல்லி வெச்சிருக்கேன்.