கழுத்துக்குள் ஒரு திருகாணி

திரிகையில் மாவு அரைத்தவர்களுக்கு இதை எளிதில் சொல்லிவிடலாம். கீழ்க்கல்லின் நடுவே ஒரு முளை நிற்கும். மேல்கல் அதைச் சுற்றிச் சுழலும். நம் கழுத்தின் உச்சியிலும் அதே ஏற்பாடுதான். இரண்டாவது கழுத்தெலும்பிலிருந்து பல்லைப் போல ஒரு முளை மேலே நீண்டிருக்கிறது. தலையைத் தாங்கும் முதல் எலும்பு சும்மாடு மாதிரி ஒரு வளையம்; அது அந்த முளையைச் சுற்றித் திரும்புகிறது. யாராவது கூப்பிட்டால் தலையைத் திருப்புகிறோமே, அந்தத் திருப்பத்தில் ஏறத்தாழ பாதி இந்த ஒரு மூட்டில்தான் நடக்கிறது.

பனையிலிருந்து விழுகிறவருக்கும், தண்ணீர் குறைந்தது தெரியாமல் கிணற்றில் தலைகீழாகப் பாய்கிற பையனுக்கும் முறியக்கூடியது அந்த முளை. வயதானவர்களுக்கு அவ்வளவு பெரிய அடிகூட வேண்டாம். குளியலறையில் வழுக்கி, நெற்றி சுவரில் மோதினாலே போதும்.

முன்பெல்லாம் இந்த முறிவுக்கு வைத்தியம், அசையாமல் கிடப்பதுதான். மண்டையோட்டில் இருபுறமும் இடுக்கி பொருத்தி, கயிற்றைக் கப்பியில் விட்டு எடை தொங்கவிடுவார்கள். தலைக்கு இரு பக்கமும் மணல் மூட்டை. வாரக்கணக்கில் கூரையைப் பார்த்தபடியே கிடக்க வேண்டும். முதுகில் படுக்கைப்புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். அதிலிருந்து எழுந்தால் நெற்றியிலிருந்து இடுப்பு வரை மாவுக்கட்டு. 1959-இல் கலிஃபோர்னியாவில் பெர்ரி, நிக்கல் என்ற மருத்துவர்கள், போலியோவால் கழுத்துத் தளர்ந்தவர்களுக்காக ‘ஹேலோ’ என்ற உலோக வளையத்தை அறிமுகப்படுத்தினார்கள். பின்னாளில் அது முறிவுகளுக்கும் பயன்பட்டது. வளையத்தை மண்டையில் ஊசிகளால் பதித்து, மார்புக் கவசத்தோடு கம்பிகளால் இணைத்துவிட்டால் நோயாளி எழுந்து நடக்கலாம். பெரிய விடுதலைதான். ஆனால் மூன்று மாதம் அதோடு உறங்க வேண்டும். ஊசி பதிந்த இடத்தில் சீழ் வைக்கும். இவ்வளவு பொறுத்தும், முளையின் அடியில் விழுந்த முறிவு பலருக்குச் சேரவே இல்லை.

கத்தி எடுத்தவர்களும் இருந்தார்கள். மிக்ஸ்டரும் ஆஸ்குட்டும் முதல் இரண்டு எலும்புகளைப் பட்டு நூலால் கட்டியதை 1910-இலேயே எழுதியிருக்கிறார்கள். கேலி என்பவர் 1939-இல் கம்பியால் கட்டினார். கட்டு எதுவானாலும், எலும்பு சேரும்வரை வெளியிலிருந்தும் தாங்கியாக வேண்டியிருந்தது.

திருகாணி வந்த பிறகுதான் பிடிமானம் உள்ளேயே கிடைத்தது. ஜப்பானில் நகனிஷியும் ஆஸ்திரியாவில் போலரும் 1980-களின் தொடக்கத்தில் வெளியிட்ட முறை, யோசித்தால் வியப்பாக இருக்கிறது. முறிவு இருப்பது வாய்க்குப் பின்னால். கீறல் போடுவதோ அதற்குக் கீழே, கழுத்தின் முன்புறத்தில். உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் ஒதுக்கி, எக்ஸ்ரே திரையில் முன்னும் பக்கமும் பார்த்துக்கொண்டே, இரண்டாம் எலும்பின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கித் திருகாணியை ஏற்றுகிறார்கள். ஏறத்தாழ 4 செ.மீ. நீளம், 4 மி.மீ. அளவு தடிமன். அது முறிந்த துண்டை இழுத்து அடியோடு சேர்க்கிறது. தலை திரும்புவதும் கெடுவதில்லை.

முளையைப் பிடித்திருக்கும் தசைநார் அறுந்திருந்தாலோ, முறிவு பழையதாகிவிட்டாலோ பின்கழுத்து வழியாகத்தான் போக வேண்டும். அங்கே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் எலும்பை ஒட்டியே ஓடுகிறது. சுவிட்சர்லாந்தின் மாகெர்ல் இரு எலும்புகளையும் ஒரே திருகாணியால் துளைத்து இணைத்தார். மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் அதுல் கோயல், ஒவ்வோர் எலும்பிலும் தனித்தனித் திருகாணி வைத்துத் தகட்டால் இணைக்கும் முறையை 1994-இல் வெளியிட்டார். ஜெர்மனியின் ஹார்ம்ஸ் 2001-இல் தகட்டுக்குப் பதில் தண்டு வைத்தார். இன்று உலகெங்கும் அது கோயல்–ஹார்ம்ஸ் முறை. ஏழைகள் வரிசையில் நிற்கும் ஒரு மாநகராட்சி மருத்துவமனையிலிருந்து போன முறை என்பதை நாம் பெருமையோடு சொல்லலாம். இந்த வழியில் கழுத்து திரும்புவது குறையும். அதற்கு ஈடாக, அறுவை முடிந்து ஓரிரு நாளிலேயே பலர் காலரோடு எழுந்து நடக்கிறார்கள்.

எல்லாருக்கும் திருகாணி தேவையில்லை. எலும்பு மெலிந்த முதியவருக்குக் காலர் மட்டும் போதும் என்று மருத்துவர் சொன்னால், அதைக் கைவிட்டதாக எண்ண வேண்டாம்.

மாறாத ஒன்று உண்டு. அந்த எலும்பு வளையத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு முளை, ஒரு பங்கு தண்டுவடம், மீதி ஒரு பங்கு காலி இடம். முளை முறிந்தும் கைகால் அசைகிறது என்றால் அந்தக் காலி இடத்தின் புண்ணியம். சுளுக்கு என்று கழுத்தைத் திருகுவதும், இருவருக்கு நடுவே பைக்கில் உட்கார வைத்துக் கொண்டுபோவதும் அதைப் பறித்துவிடும். விழுந்தவர் கழுத்து வலிக்கிறது என்றால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்கத் தலையை நிமிர்த்தாதீர்கள். தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.