ஒரே கணினியில் 98-ம் எக்ஸ்பியும்

1990-களின் பின்பாதியில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றின் மூலக் கோப்புகள் பேஜ்மேக்கரில் செய்யப்பட்டவை. அச்சகத்துப் பரணிலோ பதிப்பாளர் வீட்டு அலமாரியிலோ குறுந்தகடுகளில் அவை இன்னும் கிடக்கின்றன. அவற்றை இன்றைய கணினியில் போட்டால் பெரும்பாலும் திறக்காது. எப்படியோ திறந்துவிட்டாலும் தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசையாக நிற்கும். அன்றைய எழுத்துருக்களில் ‘க’ என்ற வடிவத்தை எந்த எண்ணில் வைப்பது என்பதை அதைச் செய்த நிறுவனமே முடிவு செய்தது. கோப்பில் பதிவானது அந்த எண் மட்டும். எழுத்துரு கையில் இல்லையென்றால் எண்ணுக்குத் தமிழ் தெரியாது. தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற தரக் குறியீடுகள் வந்தன. ஆனால் பழைய கோப்புகள் பழைய எண்களோடேயே தங்கிவிட்டன.

இப்படிப்பட்ட கோப்புகளை மீட்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. விண்டோஸ் 98, விண்டோஸ் எக்ஸ்பி ஆகிய இரண்டையும் ஒரே கணினியில் நிறுவி, வேண்டியபோது வேண்டியதைத் திறக்கும் ஏற்பாட்டை ‘டூயல் பூட்’ என்பார்கள். எக்ஸ்பி மட்டும் போதாதா என்று கேட்கலாம். பேஜ்மேக்கர் எக்ஸ்பியிலும் ஓடும். சிக்கல் அதைச் சுற்றி இருந்தவற்றில்தான். அந்நாளைய மொழி மென்பொருள்கள் சில, பிரிண்டர் செருகும் பேரலல் போர்ட்டில் ஒரு சிறு டாங்கிள் இருந்தால்தான் வேலை செய்யும். விண்டோஸ் 98-ல் ஒரு நிரல் அந்தப் போர்ட்டை நேரடியாகத் தொடலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். எக்ஸ்பி வேறு பரம்பரை. அதன் கரு விண்டோஸ் என்டியிலிருந்து வந்தது, எந்த நிரலையும் வன்பொருளின் மேல் நேரடியாகக் கை வைக்க அது விடாது. 98-க்கு எழுதிய விஎக்ஸ்டி வகை டிரைவர்களும் அதில் ஓடா. மறுபக்கம், யூனிகோடு தமிழ் என்பது விண்டோஸ் 2000-ல்தான் முதன்முதலாக வந்தது, லதா எழுத்துருவோடு. 98-க்கு அது கிடையாது. பழைய தமிழைத் திறக்க ஒன்று, புதிய தமிழில் சேமிக்க மற்றொன்று என்று இரண்டுமே தேவைப்படுகின்றன.

இரண்டு இயங்குதளங்கள் ஒரு ஹார்டு டிஸ்க்கில் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள, பவர் பட்டனை அழுத்திய முதல் சில நொடிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். மதர்போர்டில் உள்ள பயாஸ் நினைவகத்தையும் கீபோர்டையும் சோதித்து முடித்ததும், ஹார்டு டிஸ்க்கின் முதல் செக்டரைப் படிக்கும். அதன் அளவு 512 பைட். 1983-ல் ஐபிஎம் பிசி எக்ஸ்டியோடும் டாஸ் 2.0-வோடும் வந்த ஏற்பாடு இது. இந்த 512-ல் முதல் 446 பைட் ஒரு குட்டி நிரல். அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணை, ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் என்று நான்கு இடங்கள். கடைசி இரண்டு பைட்டில் 55, ஏஏ என்ற பதினறும எண்கள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அது பூட் ஆகும் டிஸ்க் என்று பயாஸ் ஏற்காது. அடையாளம் சரியாக இருந்தால், படித்ததை நினைவகத்தின் 7சி00 என்ற முகவரியில் வைத்துவிட்டு பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும். இனிமேல் எல்லாம் அந்தக் குட்டி நிரலின் பொறுப்பு. அது நான்கு இடங்களையும் பார்த்து, ‘ஆக்டிவ்’ என்று குறியிட்ட பார்ட்டிஷனைக் கண்டுபிடித்து, அந்தப் பார்ட்டிஷனின் முதல் செக்டரை அதே 7சி00-ல் கொண்டுவந்து வைக்கும். விண்டோஸ் 98-ன் பூட் செக்டர் என்றால் அது ஐஓ.சிஸ் என்ற கோப்பைத் தேடும். எக்ஸ்பியுடையது என்றால் என்டிஎல்டிஆரைத் தேடும்.

ஆக, ஆக்டிவ் பார்ட்டிஷனில் ஒரு பூட் செக்டருக்குத்தான் இடம். இரண்டு பேர் எப்படி உட்காருவது? இந்த இடத்தில் எக்ஸ்பி செய்யும் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 98 ஏற்கெனவே இருக்கும் சி டிரைவைப் பார்த்ததும், எக்ஸ்பி நிறுவி அந்தப் பழைய பூட் செக்டரை அழித்துவிடுவதில்லை. அதை அப்படியே பிரதி எடுத்து, பூட்செக்ட்.டாஸ் என்ற பெயரில் 512 பைட் கோப்பாகச் சேமித்துவைக்கிறது. பிறகு தன் செக்டரை எழுதிக்கொள்கிறது. அடுத்த முறை கணினியைத் திறக்கும்போது என்டிஎல்டிஆர் வந்து, பூட்.இனி என்ற சாதாரண எழுத்துக் கோப்பைப் படித்து, கறுப்புத் திரையில் இரண்டு பெயர்களைக் காட்டி, நாம் எதையும் தொடாவிட்டால் 30 நொடி காத்திருக்கும். 98-ஐத் தேர்ந்தெடுத்தால், சேமித்த கோப்பை எடுத்து 7சி00 முகவரியில் வைத்து, ‘போ’ என்று விட்டுவிடும். தன்னை எழுப்பியது பயாஸ் வழியா, ஒரு கோப்பு வழியா என்பது 98-க்குத் தெரியவே தெரியாது. 2001-ல் வந்த இயங்குதளத்தைப் பற்றி 1998-ல் வந்ததற்கு ஒன்றும் தெரியாமலே இருவரும் சேர்ந்து வாழ இந்த 512 பைட் போதுமானதாக இருந்திருக்கிறது.

இதிலிருந்தே நிறுவும் வரிசையும் கிடைத்துவிடுகிறது: பழையது முதலில், புதியது பிறகு. தலைகீழாகச் செய்தால், 98 தன் பூட் செக்டரைக் கேள்வியின்றி எழுதிவிடும். எக்ஸ்பியின் கோப்புகள் எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தும் அவற்றைக் கூப்பிட ஆள் இருக்காது. அப்படி ஆகிவிட்டால் எக்ஸ்பி சிடியிலிருந்து ரெகவரி கன்சோலுக்குப் போய் ஃபிக்ஸ்பூட் என்ற கட்டளை கொடுத்துச் சரிசெய்யலாம். சி டிரைவ் என்டிஎஃப்எஸ்-ஆக இருந்தாலோ பேச்சுக்கே இடமில்லை. 98-க்கு அந்தக் கோப்பு முறை படிக்க வராது, அப்படி ஒரு டிரைவ் இருப்பதாகவே அது எடுத்துக்கொள்ளாது.

வேலை 98-ன் பூட் ஃபிளாப்பியிலிருந்து தொடங்கும். எஃப்டிஸ்க் என்று தட்டியதும் அது கேட்கும் முதல் கேள்வி, பெரிய டிஸ்க்குகளுக்கான ஆதரவு வேண்டுமா என்பது. ‘ஒய்’ என்று சொன்னால்தான் ஃபேட்32 கிடைக்கும். சி டிரைவுக்கு 10 ஜிபி தாராளம். அடுத்து, டி டிரைவ் ஒன்றை இதே ஃபேட்32-ல் செய்யுங்கள். இது இருவருக்கும் பொதுவான இடம். மிச்சத்தை வெறுமனே விட்டுவிட வேண்டும், எக்ஸ்பி நிறுவி அங்கே தனக்கு என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் போட்டுக்கொள்ளும். 98-ஐ நிறுவுவதற்கு முன் சிடியிலுள்ள வின்98 என்ற ஃபோல்டரை சி டிரைவுக்கு நகல் எடுத்து அங்கிருந்து நிறுவுவது நல்லது. பின்னால் ஒவ்வொரு டிரைவர் போடும்போதும் சிடி எங்கே என்று அது கேட்காது. எக்ஸ்பி நிறுவும்போது கவனம் ஒன்றே ஒன்றுதான். சி டிரைவை ஃபார்மட் செய்யவோ என்டிஎஃப்எஸ்-க்கு மாற்றவோ கூடாது.

எஃப்டிஸ்க்கில் ஒரு வினோதம் உண்டு. 80 ஜிபி டிஸ்க்கைக் காட்டினால் சுமார் 10 ஜிபி என்று சொல்லும். டிஸ்க் கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். 64 ஜிபிக்கு மேற்பட்ட எண்ணைப் பிடிக்க அதற்குள் இடமில்லாததால், 64-ஐக் கழித்து மிச்சத்தைக் காட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் இதற்குத் திருத்திய எஃப்டிஸ்க் வெளியிட்டது. இதைவிட ஆபத்தான எல்லை 137 ஜிபி. 98-ன் டிஸ்க் டிரைவர் செக்டர் எண்ணுக்கு 28 பிட்தான் ஒதுக்குகிறது. அதைத் தாண்டி எழுதப்போனால் எண் சுற்றிவந்து டிஸ்க்கின் ஆரம்பத்திலேயே எழுதிவிடக்கூடும். ஆரம்பத்தில் என்ன இருக்கிறது என்று மேலே பார்த்தோம். 80 ஜிபியோ 120 ஜிபியோ டிஸ்க் வாங்கிப் போட்டுவிடுங்கள், நிம்மதி.

பழைய இயங்குதளத்துக்குக் கணினி போதாமல் போவது குறைவு. கணினி மிதமிஞ்சிப் போவதுதான் தொல்லை. 98-ல் 512 எம்பிக்கு மேல் ராம் போட்டால், சில சமயம் ‘நினைவகம் போதவில்லை’ என்று சொல்லி நின்றுவிடும். விகேஷ் என்ற உள்பகுதி, டிஸ்க்கிலிருந்து படித்ததை வைத்துக்கொள்ள எவ்வளவு இடம் தேவைப்படலாம் என்பதை ராம் அளவைப் பார்த்துத் தீர்மானித்து, அதற்குரிய முகவரிகளை முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. ராம் கூடக்கூட அது பிடிக்கும் முகவரிகளும் கூடி, மற்ற வேலைகளுக்கு முகவரியே மிஞ்சுவதில்லை. சிஸ்டம்.இனி கோப்பில் விகேஷ் என்ற தலைப்பின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ் என்ற வரியைச் சேர்த்து 524288 அல்லது அதற்குக் குறைந்த எண்ணைக் கொடுத்தால் தீர்ந்தது. அந்த எண் கிலோபைட் கணக்கு.

வேகமும் இப்படித்தான். விண்டோஸ் 95-ல், 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஓடிய ஏஎம்டி கே6-2 பிராசஸர்களில் திறக்கும்போதே பிழைச் செய்தி வந்து நின்றுபோனது. பிராசஸரின் வேகத்தை அளக்க ஒரு சுழலைப் பல லட்சம் முறை ஓட்டி, ஆன நேரத்தால் வகுக்கும் நிரல் அதனுள் இருந்தது. அந்தப் பிராசஸர் சுழலை அவ்வளவு விரைவாக முடித்ததால் ஆன நேரம் பூஜ்யம் என்று வந்தது. பூஜ்யத்தால் வகுக்க முடியுமா? 95-ஐ எழுதிய காலத்தில் இவ்வளவு வேகம் வரும் என்று அந்த வரியை எழுதியவர் நினைத்திருக்கமாட்டார். 95-ஐ விட்டு 98-ஐ, அதிலும் 1999-ல் வந்த இரண்டாம் பதிப்பைப் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம்.

எந்தக் கணினியை எடுப்பது? 2003 வாக்கில் வந்த இன்டெல் 865 சிப்செட், பென்டியம் 4 மதர்போர்டு என்றால் இரண்டுக்கும் டிரைவர் கிடைக்கும். டிஸ்க்கை அகலமான ஐடிஇ கேபிளில் மாட்டுங்கள். சாட்டா டிஸ்க்தான் இருக்கிறது என்றால் பயாஸில் ஐடிஇ முறைக்கு மாற்றுங்கள். ஏஎச்சிஐ டிரைவர் எக்ஸ்பி சிடியில் இல்லை. வாங்கியதும் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றிவிடுவது நல்லது. கபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள், அந்த ஆண்டுகளில் வந்த பல போர்டுகளுக்கு அது தீராத நோய். இன்றைய புதிய கணினிகளில் பழைய பயாஸின் இடத்தை யுஇஎஃப்ஐ பிடித்துவிட்டது. பழைய முறையில் பூட் ஆகும் வசதியே பலவற்றில் இல்லை.

இரண்டும் நன்றாக ஓடும் வரை மறந்துபோகக்கூடிய ஒன்று இருக்கிறது. வீடு இரண்டானாலும் வாசல் ஒன்றுதான். எக்ஸ்பி வேறு பார்ட்டிஷனில் இருந்தாலும் அதன் என்டிஎல்டிஆர், பூட்.இனி எல்லாம் இருப்பது 98-ன் சி டிரைவில். ‘98 வேண்டாம்’ என்று சி-யை அழித்தால் எக்ஸ்பியும் திறக்காது. அதேபோல, பூட்.இனியில் எக்ஸ்பி எத்தனையாவது பார்ட்டிஷனில் இருக்கிறது என்று ஓர் எண் உண்டு. பின்னால் இடையில் புதிதாகப் பார்ட்டிஷன் போட்டால் அந்த எண் பொய்யாகிவிடும். அப்போது வரும் செய்தி ‘ஹால்.டிஎல்எல் கோப்பைக் காணோம்’ என்று சொல்லும். அதை நம்பி எக்ஸ்பியை மறுபடி நிறுவியவர்கள் ஏராளம். கோப்பு தன் இடத்தில்தான் இருக்கும், பூட்.இனியில் ஓர் இலக்கத்தை மாற்றினால் போதும்.

இத்தனை பாடுபடாமல், புதிய கணினிக்குள்ளேயே மெய்நிகர் கணினி ஒன்றை உருவாக்கி எக்ஸ்பியை ஓட்டலாமே? டாங்கிள் கேட்காத பேஜ்மேக்கர் கோப்புகள் மட்டும்தான் உங்களிடம் இருக்கின்றன என்றால் அதையே செய்யுங்கள், அதுதான் எளிது. டாங்கிள், பழைய ஸ்கேனர், ஃபிளாப்பி என்று கையில் தொட்டு மாட்ட வேண்டிய பொருள் ஒன்று இருந்தால் நிஜ இரும்பு தேவை. இரண்டு இயங்குதளங்களுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று வெகுகாலமாகிறது, 98-க்கு 2006-லும் எக்ஸ்பிக்கு 2014-லும். இந்தக் கணினியை இணையத்தில் இணைக்கவே கூடாது.

எல்லாம் நிறுவி முடித்ததும் எக்ஸ்பியில் ஒரு வேலை பாக்கி இருக்கும். தமிழ் யூனிகோடு அதில் இருந்தாலும் தானாக இயங்காது. கண்ட்ரோல் பேனலில் பிராந்திய, மொழி அமைப்புகளுக்குள் போய், சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் டிக் போட வேண்டும். அது எக்ஸ்பி சிடியைக் கேட்கும், கொடுத்துவிட்டுக் கணினியை மறுபடி திறந்தால் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் வந்து உட்காரும். இனி 98-ல் பழைய எழுத்துருவோடு கோப்பைத் திறந்து, கண்ணால் சரிபார்த்து, அத்தியாயம் அத்தியாயமாக எழுத்துக் கோப்பாக வெளியேற்றி டி டிரைவில் வையுங்கள். கூடவே பக்கங்களின் அச்சுப்படி ஒன்றும் எடுத்துக்கொண்டால், யூனிகோடு மாற்றியில் போட்ட பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஒற்றெழுத்தும் கிரந்தமும்தான் மாற்றத்தில் அதிகம் பிசகும் இடங்கள். பென் டிரைவை 98-ல் செருகிப் பயனில்லை, அதற்கான பொது டிரைவர் இரண்டாம் பதிப்பில்கூட இல்லை. கணினியை மறுபடி திறந்து எக்ஸ்பிக்கு வாருங்கள். அங்கே டி டிரைவில் எல்லாக் கோப்புகளும் இருக்கும், பென் டிரைவும் செருகியதும் தெரியும்.