ஸ்கீமாவிலிருந்து நிரல்: கருவி செய்வதும் செய்யாததும்

இரண்டு லட்சம் ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான தொகைகளை வங்கிகளுக்கிடையே உடனுக்குடன் மாற்றுவதற்கு இந்திய ரிசர்வ் வங்கி ஆர்.டி.ஜி.எஸ். முறையை நடத்தி வருகிறது. 2013 அக்டோபரில் புதுப்பிக்கப்பட்ட இம்முறையின் செய்திகள், ஐ.எஸ்.ஓ. 20022 என்னும் பன்னாட்டுத் தரத்தைத் தழுவி, எக்ஸ்.எம்.எல். வடிவில் அமைந்தவை.

ஒரு செய்தியில் எந்தெந்த விவரங்கள், எவ்வரிசையில், எந்த வரம்புக்குள் இடம்பெற வேண்டும் என்பதை வகுத்துரைக்கும் ஆவணமே ஸ்கீமா எனப்படும். அலுவலகப் படிவத்தில் கட்டங்களும், அவற்றை நிரப்புவதற்கான குறிப்புகளும் இருப்பதை இதற்கு ஒப்பிடலாம். ஸ்கீமாவை எழுதும் மொழிக்கான விதிகள் 2001 மே மாதத்தில் வெளியாயின.

பணம் அனுப்பும் செய்தியின் ஸ்கீமாவில் விவர வகைகள் ஒன்றினுள் ஒன்றாக அடுக்கடுக்காக அமைந்துள்ளன. இவற்றுக்கெல்லாம் கையால் நிரல் எழுதினால் காலம் விரயமாகும், பிழையும் நேரும். ஆகவே ஸ்கீமாவைப் படித்து நிரலைத் தானே ஆக்கித் தரும் கருவிகள் பயன்படுகின்றன. ஜாவா மொழிக்குரிய எக்ஸ்.ஜே.சி. அவற்றுள் ஒன்று. கூட்டு வகை ஒவ்வொன்றையும் இது ஒரு வகுப்பாக மாற்றுகிறது. பலமுறை வரக்கூடிய விவரத்தைப் பட்டியலாகவும், தசம எண்ணைத் துல்லியம் குன்றாத எண் வகையாகவும் அமைக்கிறது.

எனினும் ஸ்கீமாவின் விதிகள் அனைத்தும் நிரலுக்குள் வந்துவிடுவதில்லை. கணக்கை அடையாளம் காட்ட, ஐபான் எண் அல்லது வேறு எண் ஆகிய இரண்டில் ஒன்று மட்டுமே வேண்டும் என்பது ஐ.எஸ்.ஓ. விதி. ஐபான் முறையைப் பின்பற்றாத நம் நாட்டுக் கணக்குகளுக்கு இரண்டாவதே பொருந்தும். கருவி ஆக்கிய வகுப்பிலோ இரண்டுக்கும் இடம் இருக்கும். இரண்டையும் நிரப்பினாலும் அது தடுப்பதில்லை. கணக்கு எண் 34 எழுத்துகளுக்கு மிகலாகாது, பெயர் 140 எழுத்துகளுக்கு மிகலாகாது என்னும் வரம்புகளும் இவ்வாறே விடுபடுகின்றன. நிரல் பிழையின்றி இயங்கும். செய்தியோ ஸ்கீமாவுக்கு முரணாகிவிடும். அத்தகைய செய்தி திருப்பப்பட்டால், தொகையை எதிர்நோக்கியிருப்பவருக்குப் பணம் கிடைப்பது தாமதமாகலாம்.

இதற்குப் பரிகாரம் எளிதே. செய்தியை அனுப்புமுன் மூல ஸ்கீமாவோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் படியைச் சேர்த்தல் வேண்டும். கருவி ஆக்கிய நிரலைக் கையால் திருத்துவதும் கூடாது; ஸ்கீமாவின் அடுத்த பதிப்பு வந்து நிரலை மீண்டும் ஆக்கும்போது அத்திருத்தங்கள் அழிந்துபோகும். மாற்றங்களைத் தனிக் கோப்பில் வைத்தலே முறை.

இத்தகைய மென்பொருளைப் பெறும் அலுவலகங்கள் நிரலை மட்டும் கேட்டுப் பெற்றால் போதாது. அது எந்தப் பதிப்பு ஸ்கீமாவிலிருந்து, எந்தக் கட்டளைகளைக் கொண்டு ஆக்கப்பட்டது என்ற குறிப்பையும் பெற்றுப் பாதுகாத்தல் வேண்டும். ஸ்கீமாவே மூலம், நிரல் அதன் படி. மூலத்தைக் கைவிட்டுப் படியை மட்டும் நம்பியிருத்தல் நிர்வாகத்திற்கு உகந்ததன்று.