தேக்ககத்திற்குத் தனிப் பாதை: மெய்நிகர்ச் சேவையகமும் வலையமைப்பு இடைமுக அட்டைகளும்

வலையமைப்பு இடைமுக அட்டையின் தொழில் யாது எனக் கேட்டால், "கணினியை வலையமைப்புடன் இணைத்தல்" என மாணவர்கள் உடனே எழுதுவர். விடை சரியே. ஆனால் ஒரே சேவையகத்தில் நான்கு அட்டைகள் பொருத்தப்படுவது ஏன் என்று கேட்டால் அவ்விடை போதாது. இதற்கான காரணத்தை விளங்கிக்கொண்டால் பட்டை அகலம், பிட்-பைட் மாற்றம், ஆளி ஆகியவற்றையும் ஒரே உதாரணத்தில் மீட்டிக்கொள்ளலாம்.

1. அடிப்படை விளக்கம்

ஒரு பௌதிகச் சேவையகத்தின் முறைவழியாக்கி, நினைவகம் என்பவற்றைப் பங்கிட்டு, பல கணினிகள் தனித்தனியே இயங்குவது போலச் செய்தல் மெய்நிகராக்கம் எனப்படும். அவ்வாறு இயங்கும் ஒவ்வொன்றும் மெய்நிகர்ப் பொறி ஆகும். பங்கிடும் மென்பொருள் ஹைப்பர்வைசர் ஆகும்.

ஒரு வைத்தியசாலையில் நோயாளர் பதிவு, ஆய்வுகூடம், மருந்தகம் ஆகிய மூன்றும் மூன்று மெய்நிகர்ப் பொறிகளாக ஒரே சேவையகத்தில் இயங்குகின்றன எனக் கொள்வோம். இவற்றின் வன்தட்டுகள் சேவையகத்தினுள் இல்லை. வேறாக உள்ள பொதுத் தேக்ககச் சாதனத்தில் உள்ளன. எனவே மருந்தகத்தில் ஒரு பதிவைச் சேமிக்கும்போதும் அத்தரவு வலையமைப்பு வழியாகவே தேக்ககத்தை அடையும். இதற்குப் பயன்படும் நெறிமுறைகளுள் ஒன்று ஐ-ஸ்கசி ஆகும். வன்தட்டுக்கான கட்டளைகளை டீசிபி/ஐபி பொதிகளில் வைத்து அனுப்பும் இந்நெறிமுறை 2004 இல் இணைய நியமமாக வெளியிடப்பட்டது.

2. ஏன் தனி அட்டை?

சேவையகத்தில் பல வகைப் போக்குவரத்துகள் உண்டு.

(அ) பயனர் போக்குவரத்து
(ஆ) முகாமைத்துவப் போக்குவரத்து
(இ) மெய்நிகர்ப் பொறிகளை வேறு சேவையகத்திற்கு இடம்மாற்றும் போக்குவரத்து
(ஈ) தேக்ககப் போக்குவரத்து

முதல் மூன்றும் தாமதித்தால் பெரும்பாலும் வேலை மெதுவாகும். நான்காவது நெடுநேரம் தடைப்பட்டால், மெய்நிகர்ப் பொறிக்கு அது தன் வன்தட்டையே இழந்தது போலாகும். லினக்ஸ் பணிசெயல் முறைமை ஒரு வன்தட்டுக் கட்டளைக்கு வழமையாக 30 செக்கன் காத்திருக்கும். பின்னர் மீள முயலும். அதுவும் தோற்றால் கோப்பு முறைமை "வாசிப்புக்கு மட்டும்" என மாறக்கூடும். அப்போது புதிய பதிவு எதையும் எழுத முடியாது. மூன்று பொறிகளும் ஒரே தேக்ககத்தை நம்பியிருப்பதால் மூன்றும் ஒருங்கே பாதிக்கப்படும்.

திருவிழா நாளில் சனக்கூட்டம் நிறைந்த ஒழுங்கையால் அம்புலன்ஸ் வண்டி போக முடியாதல்லவா? அதுபோலவே தேக்ககத்திற்கும் தனிப் பாதை வேண்டும். தனி அட்டை இல்லாவிடின், குறைந்தபட்சம் மெய்நிகர் இடத்துரி வலையமைப்பு மூலம் பிரித்து, முன்னுரிமையும் வழங்க வேண்டும்.

3. கணித்துப் பார்ப்போம்

1 கிகாபிட்/செக்கன் அட்டையின் உச்ச வேகம்
= 1000 மெகாபிட் ÷ 8 = 125 மெகாபைட்/செக்கன்

40 கிகாபைட் (40,000 மெகாபைட்) தரவை அனுப்ப ஆகும் ஆகக் குறைந்த நேரம்
= 40,000 ÷ 125 = 320 செக்கன்

10 கிகாபிட் அட்டையாயின் 32 செக்கன். உண்மையில் தலைப்புத் தரவுகளும் சேர்வதால் சற்றுக் கூடுதலாகும். இந்த 320 செக்கனும் பயனர்களும் அதே அட்டையைப் பயன்படுத்தினால் நிகழும் நெரிசலை நீங்களே ஊகிக்கலாம்.

4. ஏன் இரண்டு அட்டைகள்?

ஒரு பாதை பழுதானால் மற்றையதால் தரவு செல்ல வேண்டும். இது பல்பாதை முறை எனப்படும். ஒரே அட்டையில் உள்ள இரு துறைகளைப் பயன்படுத்துவது போதாது. அட்டை பழுதானால் இரண்டும் போய்விடும். ஆகவே இரு அட்டைகள், இரு வடங்கள், இரு ஆளிகள் எனப் பாதை முழுவதும் இரட்டிக்க வேண்டும்.

கவனிக்க: இரு அட்டைகளை ஒரு குழுவாகச் சேர்த்தாலும் ஒரு தனி டீசிபி இணைப்பின் வேகம் பொதுவாக இரட்டிக்காது. அவ்விணைப்பு ஒரு வடத்தாலேயே செல்லும். ஐ-ஸ்கசிக்குப் பல்பாதை முறையே பொருத்தமானது.

5. சட்டகத்தின் பருமன்

ஈதர்நெற் சட்டகம் வழமையாக 1500 பைட் வரை தரவைச் சுமக்கும். தேக்ககப் பாதையில் இதை 9000 பைட்டாக உயர்த்தலாம். அப்போது அதே தரவுக்குச் சட்டகங்களின் எண்ணிக்கை ஆறில் ஒன்றாகும். ஆனால் சேவையகம், ஆளி, தேக்ககம் ஆகிய மூன்றிலும் இம்மாற்றம் செய்யப்பட வேண்டும். ஆளியில் மட்டும் விடுபட்டால் சிறிய பொதிகள் செல்லும், பெரியவை செல்லா. இணைப்பு நன்றாக உள்ளது போலத் தோன்றும். கோப்பு மட்டும் நகராது.

மாதிரி வினா

ஒரு சேவையகத்தில் தேக்ககத்திற்கென இரு துறைகள் கொண்ட ஓர் அட்டை உள்ளது. இரு துறைகளும் ஒரே ஆளியில் இணைக்கப்பட்டுள்ளன. இவ்வமைப்பின் குறைபாடுகள் இரண்டு தருக.

விடை: (i) அட்டை பழுதடைந்தால் இரு பாதைகளும் துண்டிக்கப்படும். (ii) ஆளி பழுதடைந்தாலும் அவ்வாறே நிகழும்.

"வேகம் குறையும்" என எழுதுவது இவ்வினாவுக்கு விடையாகாது. இங்கு கேட்கப்படுவது வேகம் பற்றியன்று, ஒன்று பழுதானால் மற்றையது மிஞ்சுமா என்பதே. வினாவை இருமுறை வாசித்த பின்னரே விடை எழுதுக.