பழைய காருக்குள் புதுப் பொலிவு

எட்டு, பத்து வருடம் ஓடிய காரில் எஞ்சின் இன்னும் திடமாகவே இருக்கும். கதவைத் திறந்து உட்கார்ந்தால்தான் வயசு தெரியும். கியர் பக்கத்துப் பேனலில் சாவி உரசிய கோடுகள், ஏசி வென்ட்டைச் சுற்றி உரிந்த வெள்ளிப் பூச்சு, கை பட்டுப் பட்டு மினுங்கிப்போன கதவுப் பிடி. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மாதிரி ஆக்சசரீஸ் கடைத்தெருவுக்குப் போனால் எல்லாவற்றுக்கும் ஏதாவது ஒட்டித் தருவார்கள். எதை ஒட்டச் சொல்வது என்பதை மட்டும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும்.

டேஷ்போர்டு முழுவதையும் மாற்ற ஆசைப்படாதீர்கள். கண்ணில் படுகிற சின்ன பட்டைகள், வென்ட் வளையம், கியர் பேனல், பவர் விண்டோ சுவிட்ச் தட்டு ஆகியவை மாறினாலே கார் வேறு மாதிரி தெரியும். இவற்றில் பெரும்பாலானவை கிளிப்பில்தான் நிற்கின்றன. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பக்கத்தில் தழும்பு விழும்; பிளாஸ்டிக் நெம்புகோல் மலிவாகவே கிடைக்கிறது.

கழற்றிய துண்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் அம்புக்குறி போன்ற இரண்டு அடைப்புகளுக்குள் சில எழுத்துகள் அச்சில் வார்த்திருக்கும். அதுதான் பிளாஸ்டிக்கின் ஜாதகம். ஏ.பி.எஸ். என்றிருந்தால் கவலையில்லை, பெயின்ட் நன்றாகப் பிடிக்கும். பி.பி. என்றிருந்தால் அது பாலிபுரொப்பிலீன். பெயின்டும் பசையும் அதில் லேசில் ஒட்டாது. அதற்கென்றே உள்ள ஒட்டுப் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால், பார்க்க அழகாக இருந்த பெயின்ட் சில மாதத்தில் நகம் பட்டாலே தோலாக உரியும். பெயின்டரிடம் கொடுக்கும்போது இந்த எழுத்துகளைக் காட்டிக் கேளுங்கள். அவர் முழித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

பெயின்ட் வேண்டாம் என்றால் வினைல் ஸ்டிக்கர். இதில் இரண்டு ரகம் உண்டு. காலண்டர்டு ரகம் விலை குறைவு. தட்டையான இடத்துக்குப் போதும், வளைவில் இழுத்து ஒட்டினால் வெயில் பட்டதும் சுருங்கி ஓரம் தூக்கிவிடும். காஸ்ட் ரகம் மெல்லியது, விலை கூட, வளைவுக்கு அதுதான் சரி. எந்த ரகமானாலும் மடித்த ஓரங்களை ஹீட் கன்னால் மறுபடி சூடாக்கி அழுத்தினால்தான் நிற்கும். முக்கியமாக, இத்தனை நாள் தேய்த்த டேஷ்போர்டு பாலிஷில் உள்ள சிலிக்கோன் போகும்வரை துடைக்க வேண்டும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். ஒட்டியது உரிந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலர் கோட்டை விட்டது இங்கேதான்.

நிறத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு மேட் ரகத்துக்கே. பளபளக்கும் பியானோ பிளாக் கடையில் மயக்கும். வீட்டுக்கு வந்ததும் தூசும் கைரேகையும் கீறலும்தான் தெரியும். கண்ணாடிக்குக் கீழே உள்ள டேஷ்போர்டு மேல்பகுதியில் வெளிர் நிறமோ பளபளப்போ வேண்டவே வேண்டாம். நண்பகல் வெயிலில் அது முன்கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டை மறைக்கும். கார் கம்பெனிகள் அந்த இடத்தைப் பெரும்பாலும் கருப்பாகவே விடுவது சும்மா இல்லை.

சில கார்களில் சுவிட்சும் பிடியும் பிசுபிசுவென்று கையில் ஒட்டும். அது அழுக்கல்ல. தொட மெத்தென்று இருக்கப் பூசிய பூச்சு, சூட்டிலும் ஈரக்காற்றிலும் சிதைந்துபோனது. அதே ஆல்கஹாலால் பொறுமையாகத் துடைத்தால் பூச்சு மொத்தமாக வந்துவிடும்; கீழே சாதா பிளாஸ்டிக் இருக்கும். பூச்சின் மேல் ஐகான் அச்சிட்டிருந்தால் அதுவும் போய்விடும், ஜாக்கிரதை.

இனி தொடக்கூடாத இடங்கள். 2022 முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்களில் முன்பக்கம் இரண்டு ஏர்பேக் கட்டாயம். பழையவை பலவற்றிலும் உண்டு. ஸ்டீயரிங் நடுப்பகுதியிலும், இடப்பக்க டேஷ்போர்டில் ஏர்பேக் என்று குறித்த மூடியிலும் ஸ்டிக்கரோ பெயின்டோ ரெக்சினோ வேண்டாம். பேனலைக் கழற்றும்போது மஞ்சள் நிற சாக்கெட் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் லேபிள் இருந்தால், இறுக்கமாகத் தைத்த சாதாரண சீட் கவர் அது விரிவதைத் தடுக்கும். ஏர்பேக் பிரிந்து வெளிவரத் தனித் தையல் விட்ட கவர்தானா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்' என்றால் அந்தக் கவர் வேண்டாம்.